ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கான புதிய பேட்டரிகளும் எரிபொருள் கலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானம், டிரோன், கார், படகு என எந்த மாதிரியை ரேடியோவால் இயக்கினாலும், அதற்குள் வைக்கும் பேட்டரியைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை. கிராஃபீன், சிலிக்கான், திடநிலை, சோடியம், ஹைட்ரஜன் என்று புதுப் பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுள் எதை இன்றே மாதிரிக்குள் வைத்து ஓட்டலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும், எது வெறும் உறைமேல் எழுத்து என்பதை அறிய விரும்புவோர் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

புதிய பேட்டரி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

ஒரே எண்ணைப் பார்ப்பதுதான் முதல் தவறு. ஒரு கிலோ எடையில் எத்தனை வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பது ஓர் எண். அதே ஒரு கிலோவிலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை வாட் எடுக்க முடியும் என்பது வேறோர் எண். செய்திகளில் முதல் எண் மட்டுமே பெரிய எழுத்தில் வரும். நம் மாதிரி பறக்குமா பறக்காதா என்பதைப் பெரும்பாலும் இரண்டாவது எண்ணே தீர்மானிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரண சாகச விமானம் ஒன்றுக்கு அதன் மொத்த எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 220 வாட் தேவை என்பது ஆர்வலர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. அதன்படி 1.2 கிலோ விமானத்துக்குச் சுமார் 260 வாட் வேண்டும். இதை 180 கிராம் எடையுள்ள சாதாரண 3எஸ் (மூன்று செல்களைத் தொடராக இணைத்த) லிப்போ, அதாவது லித்தியம்-பாலிமர், பேக் எளிதாகத் தந்துவிடும். கிலோவுக்கு 400 வாட்-மணி கொண்ட புதுவகைச் செல் ஒன்று இருந்து, அதன் முழு ஆற்றலையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்கக் கூடாது என்ற வரம்பும் இருந்தால், அது கிலோவுக்கு 400 வாட் மட்டுமே தரும். 260 வாட்டுக்கு 650 கிராம் பேட்டரியைச் சுமக்க வேண்டியிருக்கும். ஆற்றல் செறிவில் மூன்று மடங்கு மேலான பேட்டரி, அந்த விமானத்துக்கு மூன்றரை மடங்கு எடையாக வந்து உட்காரும்.

லிப்போ பழையதாகிவிட்ட பிறகும் ஏன் எங்கும் அதுவே இருக்கிறது?

மேலே சொன்ன இரண்டாவது எண்தான் காரணம். மின்சாரத்தில் பறக்கும் ரேடியோ விமானத்தின் வரலாறே பேட்டரி வேதியியலின் வரலாறுதான். 1957 ஜூன் 30 அன்று பிரிட்டிஷ் ஆர்வலரான கர்னல் டாப்ளின் தம் 'ரேடியோ குவீன்' விமானத்தை மின்மோட்டாரில் பறக்கவிட்டபோது அதில் இருந்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி. பின்னர் நிக்கல்-காட்மியம், நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு என்று செல்லுக்கு 1.2 வோல்ட் தரும் கனமான பேட்டரிகளின் காலம் நீண்டது. லித்தியம்-அயனி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதன் மெல்லிய பை வடிவமான லிப்போ, செல்லுக்கு 3.7 வோல்ட்டையும் பெருமளவு மின்னோட்டத்தையும் குறைந்த எடையில் தந்ததால், மாதிரி விமானங்களில் மின்சாரம் பெட்ரோலுக்கும், மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் குளோ எஞ்சினுக்கும் ஈடாக நின்றது. சில நிமிடங்களுக்குள் முழு ஆற்றலையும் கொட்டித் தீர்க்க வேண்டிய பந்தய டிரோன், முப்பரிமாணச் சாகச ஹெலிகாப்டர் போன்றவற்றில் அதை இதுவரை எதுவும் பின்தள்ளவில்லை.

பேக்கின் மேல் அச்சிட்டிருக்கும் 'சி' மதிப்பை நம்பலாமா?

ஒப்பிடுவதற்கான குறிப்பாகக் கொள்ளலாம். வாக்குறுதியாகக் கொள்ள வேண்டாம். கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டம் எடுக்கலாம் என்பதே 'சி'. 2,200 எம்.ஏ.எச். (மில்லியாம்பியர்-மணி) பேக்கில் 25சி என்றிருந்தால் 55 ஆம்பியர் எடுக்கலாம் என்று பொருள். அந்த வேகத்தில் பேக் 2.4 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 100சி என்று அச்சிட்டிருந்தால் 36 விநாடியில் தீர வேண்டும். எந்தக் கம்பியும் கனெக்டரும் அதைத் தாங்கும் என்று கேட்டால் விடை கிடைக்காது. நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லின் உள்மின்தடையையும் அளந்து காட்டும்; அந்த எண்ணே நம்பத்தக்கது. செல் ஒன்றுக்கு 8 மில்லியோம் உள்மின்தடை கொண்ட 3எஸ் பேக்கிலிருந்து 40 ஆம்பியர் எடுத்தால், ஒவ்வொரு செல்லும் 0.32 வோல்ட் இழக்கும். மொத்தத்தில் ஏறத்தாழ 38 வாட் பேக்குக்குள்ளேயே வெப்பமாகும். பேக் சூடாக இறங்குகிறது என்றால் அந்த 38 வாட்தான் கையில் சுடுகிறது.

உயர் வோல்ட் லிப்போ என்பது தனி வகையா?

அடிப்படையில் லிப்போவே. சாதாரண லிப்போ செல் 4.2 வோல்ட்டுடன் நிறைவது போல இது 4.35 வோல்ட் வரை நிறையும்படி செய்யப்பட்டிருக்கிறது. மிகச் சிறிய டிரோன்களில் அந்தக் கூடுதல் வோல்ட் உணரத்தக்க வேகத்தைத் தருகிறது; ஆனால் முழு வோல்ட்டில் வைத்துப் பழகினால் ஆயுள் குறையும்.

உருளை வடிவ லித்தியம்-அயனி செல்களைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவற்றில் அப்படி என்ன புதுமை?

இன்று கையில் கிடைக்கும் மாற்றங்களுள் நீண்ட நேரம் பறப்போருக்கு உண்மையான பயன் தருவது இதுதான் என்பது இதை எழுதுபவரின் கருத்து. 18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட செல். 21700 என்பது 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்டது. மடிக்கணினிக்கும் மின்சார வாகனத்துக்கும் பெருமளவில் தயாரிக்கப்படுவதால் இவற்றின் தரம் சீராக இருக்கிறது. முன்பு இவை மின்னோட்டத்தைத் தயங்கித் தயங்கியே தந்தன. இப்போது 70 கிராம் எடையில் 4,200 எம்.ஏ.எச். கொள்ளளவுடன், குளிர்ச்சி போதுமான அளவு இருந்தால் 45 ஆம்பியர் வரை தரும் 21700 செல்கள் கிடைக்கின்றன. மின்முனைச் சுருளின் விளிம்பு முழுவதையுமே இணைப்பாகப் பயன்படுத்தும் 'டேப்லெஸ்' அமைப்பு கொண்ட செல்கள் உள்மின்தடையை மேலும் குறைத்துவிட்டன.

அப்படிப்பட்ட நான்கு செல்களைத் தொடராக இணைத்தால், கம்பியும் உறையும் சேர்த்து ஏறத்தாழ 300 கிராமில் 60 வாட்-மணி கிடைக்கும். 4எஸ் 2,200 எம்.ஏ.எச். லிப்போ 235 கிராம் அளவில் 33 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவாகவே தரும். சீராகப் பறக்க 80 வாட் கேட்கும் ஒரு பறக்கும் இறக்கை மாதிரியில், ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தாலும், முன்னது 36 நிமிடம் தாங்கும். பின்னது 20 நிமிடத்துக்குள் தரையிறங்கச் சொல்லும்.

சில கவனங்கள் உண்டு. இவ்வகைச் செல்களில் 3 வோல்ட்டுக்குக் கீழும் பயன்படுத்தத்தக்க ஆற்றல் மீதமிருக்கும், லிப்போவுக்கென 3.4 வோல்ட்டில் மோட்டாரை நிறுத்தும்படி ஈ.எஸ்.சி.யை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை) வைத்திருந்தால் அந்தப் பங்கு வீணாகும். தயாரிப்பாளர் குறிப்பிடும் கீழ்வரம்புக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ள வேண்டும். செல்களை இணைக்க ஸ்பாட் வெல்டிங்கே முறை. சால்டரிங் அயனை நெடுநேரம் வைத்தால் செல்லின் உள்ளிருக்கும் அடைப்பு கெடும். 18650 செல்லின் மேல் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால் அது போலி. அந்த அளவுள்ள நல்ல செல்லில் 3,500-ஐ ஒட்டிய கொள்ளளவுதான் வழக்கம்.

கிராஃபீன் பேட்டரி என்று விற்கப்படுவது உண்மையில் என்ன?

மின்முனையில் மின்கடத்தலைக் கூட்டுவதற்காகக் கார்பன் பொருள் சேர்த்த லிப்போ. நல்ல பேக்குகளில் உள்மின்தடை குறைவாக இருப்பதை அளந்து காண முடிகிறது. ஆனால் செல்லின் வோல்ட்டும் சார்ஜ் செய்யும் முறையும் சேமித்து வைக்கும் முறையும் எவ்வித மாற்றமும் இல்லாமல் லிப்போவுடையவையே. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதை விட, உள்மின்தடையை அளந்து பார்த்து வாங்குவது நன்று.

சிலிக்கான் ஆனோடு, திடநிலை ஆகியவை எப்போது நம் மாதிரிகளுக்கு வரும்?

சிலிக்கான் கலந்த ஆனோடு (செல்லின் எதிர்மின்முனை) ஓரளவு ஏற்கெனவே வந்துவிட்டது. லித்தியத்தை ஏற்று வைத்துக்கொள்ளும் கிராஃபைட்டின் திறன் கிராமுக்கு 372 எம்.ஏ.எச்.; சிலிக்கானுக்கு அது ஏறத்தாழ 3,600. இவ்வளவு வேறுபாடு இருந்தும் கிராஃபைட்டை முழுமையாக விலக்க முடியாததற்குக் காரணம், லித்தியத்தை உள்வாங்கும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேலாக உப்பிப் பின் சுருங்குவதே. சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அது நொறுங்கும். அதனால்தான் பெரும்பாலான செல்களில் அதைச் சிறிய அளவில் கிராஃபைட்டுடன் கலக்கிறார்கள். சிலிக்கானை நுண்கம்பிகளாக வளர்த்து உப்புவதற்கு இடம் விட்டு அமைத்த செல்கள் கிலோவுக்கு 450 வாட்-மணியை எட்டியுள்ளன. அவற்றின் சுற்று ஆயுள் சாதாரண செல்களைவிடக் குறைவு.

திடநிலை என்ற சொல்லை இன்னும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். திரவ எலக்ட்ரோலைட் (மின்முனைகளுக்கிடையே அயனிகள் கடக்கும் ஊடகம்) அறவே இல்லாத செல்தான் முழுத் திடநிலை. டிரோன்களுக்கென இன்று இப்பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை திரவத்தின் அளவைக் குறைத்த அரைத் திடநிலை செல்கள். கிலோவுக்கு 300 வாட்-மணியை ஒட்டித் தரும் இவை, நிலப்பட ஆய்வுக்குச் செல்லும் பெரிய டிரோன்களில் நன்றாகவே உழைக்கின்றன. திடப் பொருள்கள் ஒன்றையொன்று தொடும் பரப்பில் அயனிகள் கடப்பதற்குத் தடை அதிகம் என்பதால், உடனடி வேகம் கேட்கும் மாதிரிகளுக்கு இவை பொருந்துவதில்லை.

லித்தியம்-சல்ஃபர் பற்றிய பேச்சு குறைந்துவிட்டதே?

குறைந்ததற்குக் காரணம் உண்டு. கோட்பாட்டளவில் கிலோவுக்குச் சுமார் 2,600 வாட்-மணி என்பது மயக்கும் எண். நடைமுறையில் இடைநிலைச் சல்ஃபைடுகள் எலக்ட்ரோலைட்டில் கரைந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதால் கொள்ளளவு விரைவாகக் குறைகிறது, செல்லுக்கு 2.1 வோல்ட்டே கிடைக்கிறது. அதிக மின்னோட்டமும் தர இயலாது. சூரிய ஒளியில் பறக்கும் ஆளில்லா விமானமான செஃபிர் 2010-இல் 14 நாள்கள் இடைவிடாமல் பறந்தபோது இரவுக்கான ஆற்றலை லித்தியம்-சல்ஃபர் செல்கள்தாம் தந்தன. அதே குடும்பத்தின் பிந்தைய விமானம் 2022-இல் 64 நாள்கள் பறந்தபோது சிலிக்கான் ஆனோடு கொண்ட செல்களுக்கு மாறியிருந்தது. இந்த மாற்றத்திலேயே கேள்விக்கான விடையும் இருக்கிறது.

லைஃபே, சோடியம்-அயனி ஆகியவற்றுக்கு மாதிரிகளில் இடம் உண்டா?

லைஃபே என்று ஆர்வலர்கள் சுருக்கிச் சொல்லும் லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட்டுக்கு நிலையான இடம் உண்டு. எடைக்கேற்ற ஆற்றல் குறைவென்றாலும் ஆயிரம் சுற்றுகளைத் தாண்டி உழைக்கும்; எளிதில் தீப்பற்றாது. இரண்டு செல் சேர்ந்தால் 6.6 வோல்ட் என்பதால், ரேடியோ கட்டளையைப் பெறும் ரிசீவருக்கும் சுக்கான் போன்ற பாகங்களை அசைக்கும் சர்வோக்களுக்கும், வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமலேயே கொடுக்க முடிகிறது. பெட்ரோல் எஞ்சின் விமானங்களில் இதை வைக்கப் பலர் விரும்புவது அதனால்தான்.

சோடியம்-அயனியின் கவர்ச்சி விலையிலும் குளிர் தாங்கும் தன்மையிலும் இருக்கிறது; எடையில் இல்லை. அது நிறைவுக்கும் காலிக்கும் இடையே 4 வோல்ட்டிலிருந்து 1.5 வோல்ட் வரை இறங்கும். மோட்டாரின் வேகம் அதற்கேற்பத் தளர்ந்துகொண்டே போகும். படகுக்கும் தரையில் வைக்கும் சார்ஜிங் பெட்டிக்கும் பொருந்தலாம்.

சூப்பர் கெப்பாசிட்டரில் விமானம் பறக்குமா?

சில கிராம் எடையுள்ள உள்ளரங்க விமானம் ஒரு நிமிடம் அளவுக்குப் பறக்கும்; அதற்கு மேல் இல்லை. கிலோவுக்குப் பத்து வாட்-மணிக்கும் குறைவு. சர்வோக்கள் திடீரென மின்னோட்டத்தை இழுக்கும்போது ரிசீவரின் வோல்ட் சரியாமல் தாங்கும் துணையாக அது மதிப்புள்ளது.

எரிபொருள் கலம் பேட்டரியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

பேட்டரியில் ஆற்றலும் அதை மின்சாரமாக மாற்றும் பொறியும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. எரிபொருள் கலத்தில் இவை பிரிந்து நிற்கின்றன: ஹைட்ரஜன் கலனில் இருக்கிறது, மாற்றும் வேலை தனித் தொகுதியில் நடக்கிறது. மாதிரிகளுக்குப் பயன்படும் வகையில், பிளாட்டினம் பூசிய மெல்லிய பாலிமர் சவ்வின் ஒருபுறம் ஹைட்ரஜன் நுழைந்து புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் சவ்வைக் கடக்க, எலக்ட்ரான் வெளிச்சுற்றில் மோட்டாரை ஓட்டிவிட்டு மறுபுறம் வந்து, காற்றின் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது. ஒரு கலம் சுமையின் கீழ் 0.6 முதல் 0.7 வோல்ட் தரும். அப்படி 36 கலங்களை அடுக்கினால் 6எஸ் லிப்போவை ஒட்டிய வோல்ட் கிடைக்கும். அடுக்கின் ஊடாகக் காற்றைச் செலுத்தும் மின்விசிறிகளே ஆக்சிஜனையும் தந்து வெப்பத்தையும் நீக்குகின்றன.

ஹைட்ரஜனின் ஒரு கிலோவில் 33 கிலோவாட்-மணி இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் எல்லோரும் அதற்கு மாறவில்லை?

அந்த எண் ஹைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கில் கொள்கிறது. விமானமோ கலனையும் அடுக்கையும் குழாயையும் சேர்த்துத் தூக்குகிறது. 600 வாட் தொடர்ந்து கேட்கும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். மின்விசிறியுடன் அடுக்குக்கு ஒரு கிலோவும், ரெகுலேட்டர், குழாய், துணை பேட்டரி ஆகியவற்றுக்கு 0.7 கிலோவும் வைத்துக்கொள்ளலாம். இது எவ்வளவு நேரம் பறந்தாலும் மாறாத எடை. இத்துடன் 300 பார் அழுத்தம் தாங்கும் 2 லிட்டர் கார்பன் இழைக் கலனுக்கு 1.4 கிலோ என்று சேர்த்தால் மொத்தம் 3.1 கிலோ ஆகிறது. அந்தக் கலனில் அடங்கும் ஹைட்ரஜன் 41 கிராம்தான். 45 சதவீதத் திறனில் அது 610 வாட்-மணி மின்சாரம் தரும். 3.1 கிலோவுக்கு உருளை லித்தியம்-அயனி செல்களை அடுக்கினாலும் ஏறத்தாழ அதே 620 வாட்-மணி கிடைக்கும். இரண்டிலும் ஒரு மணி நேரப் பறத்தல்தான். ஆனால் ஒன்றில் தலைவலி பத்து மடங்கு.

கலனை 7 லிட்டராக்கினால் கணக்கு திரும்புகிறது. கலனின் எடை 3 கிலோவாகவும் மொத்தம் 4.7 கிலோவாகவும் உயர, மின்சாரமோ 2,170 வாட்-மணியாகிறது. அதே எடை லித்தியம்-அயனி 940 வாட்-மணியோடு நின்றுவிடும். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒருபுறம், ஒன்றரை மணி நேரம் மறுபுறம். ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் தரையிறங்கும் மாதிரிக்கு எரிபொருள் கலம் வெறும் சுமை. பல மணி நேரம் பறக்க வேண்டிய, ஐந்து கிலோவைத் தூக்கும் வலுவுள்ள விமானத்துக்கு அது உண்மையான விடை.

எரிபொருள் கலம் இருக்கும்போது துணை பேட்டரி எதற்கு?

அடுக்கு சராசரித் தேவைக்கு ஏற்ப அளவிடப்படுகிறது. மேலெழும்போதும் காற்றோடு போராடும்போதும் தேவைப்படும் இரு மடங்கு ஆற்றலுக்காக அடுக்கைப் பெரிதாக்கினால் அந்த எடை பறக்கும் நேரம் முழுவதும் சுமையாக இருக்கும். எனவே சிறிய லிப்போ ஒன்று உச்சத் தேவையை ஏற்கிறது. அமைதியாகப் பறக்கும்போது அடுக்கே அதைத் திரும்ப நிரப்புகிறது. அடுக்கு நின்றுபோனால் பத்திரமாகத் தரையிறங்கவும் அதுவே துணை.

உயர் அழுத்தக் கலன் இல்லாமல் ஹைட்ரஜனை எடுத்துச் செல்ல முடியாதா?

முடியும். உலோக ஹைட்ரைடு குப்பிகளில் உலோகப் பொடி ஹைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் உறிஞ்சி வைத்திருக்கும். 10 லிட்டர் வாயு அடங்கும் குப்பி ஏறத்தாழ 100 கிராம் எடையிருக்கும். அதனுள் ஹைட்ரஜன் ஒரு கிராமுக்கும் குறைவு. கிடைக்கும் மின்சாரம் 13 வாட்-மணி அளவு. அடுக்கின் எடையைச் சேர்ப்பதற்கு முன்பே இது லிப்போவின் நிலைக்கு வந்துவிடுகிறது. எடை பெரிதாக உறுத்தாத தரை ஊர்திகளுக்கு இது போதும். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்களைக் குப்பி ஹைட்ரஜனும் துணை பேட்டரியும் கொண்டு பல மணி நேரம் ஓட்டும் மாணவர் பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஹைட்ரைடு வாயுவை வெளியிடும்போது தானே குளிர்ந்துவிடும் என்பதால், அடுக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றைக் குப்பியின் மேல் படும்படி அமைப்பது நல்ல உத்தி.

மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாக்கிய ஹைட்ரஜன் மூன்றாவது வழி. அது தனிநபர் செய்யும் வேலையன்று. ஆயினும் அதன் பலனைப் பதிவுகள் காட்டுகின்றன. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் அயன் டைகர் விமானம், 550 வாட் அடுக்குடன், 2009-இல் அழுத்திய வாயுவில் 26 மணி நேரம் பறந்தது. 2013-இல் திரவ ஹைட்ரஜனில் அது 48 மணி நேரமாயிற்று.

குளோ எஞ்சினுக்கு மெத்தனால் வாங்கிப் பழகியவர்கள் அதையே எரிபொருள் கலத்தில் ஊற்றலாமா?

மெத்தனாலை நேரடியாக ஏற்கும் கலங்கள் உண்டு. குளோ எரிபொருளை அதில் ஊற்ற முடியாது. எண்ணெயும் நைட்ரோமீத்தேனும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். தூய மெத்தனாலில் கிலோவுக்கு 5.5 கிலோவாட்-மணி இருந்தாலும், அதன் ஒரு பகுதி சவ்வைக் கடந்து மறுபுறம் வீணாகிறது. கலத்தின் வோல்ட்டும் குறைவு. எனவே தரும் வாட்டுக்கு அடுக்கு கனமாகிறது. களத்தில் பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் ஓசையில்லாத பெட்டியாக அது பொருந்தும்.

ஹைட்ரஜனைக் கையாள்வது லிப்போவை விட ஆபத்தானதா?

ஆபத்தின் தன்மை வேறு. லிப்போவின் தீ பேட்டரிக்குள்ளேயே பிறக்கிறது. ஹைட்ரஜன் கசிந்து காற்றுடன் கலந்தால்தான் கேடு. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் அது பற்றும். உடையிலிருந்து தெறிக்கும் நிலைமின் பொறியே போதும். பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அதே நேரத்தில் மிக இலேசானது என்பதால் திறந்த வெளியில் விரைவாக மேலேறிக் கலைந்துவிடும். ஆகவே கலனை நிரப்புவதும் அடுக்கை ஓடவிட்டுச் சோதிப்பதும் திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும். அடுக்கில் சேரும் நீரை வெளித்தள்ள அவ்வப்போது வால்வு திறந்து சிறிதளவு ஹைட்ரஜன் வெளியேறும். விமான உடலுக்குள் அது தேங்காதபடி மேல்பக்கத்தில் துளைகள் அவசியம்.

என்னிடம் இருக்கும் சார்ஜரும் ஈ.எஸ்.சி.யும் புதிய வகைகளுக்குப் போதுமா?

சார்ஜரில் அந்த வகைக்கான தெரிவு இருந்தால் போதும். இல்லையென்றால், கிட்டத்தட்டப் பொருந்தும் வேறொன்றைத் தெரிவு செய்யவே கூடாது. லைஃபே 3.6 வோல்ட்டில் நிறையும். அதை லிப்போ தெரிவில் போட்டால் சார்ஜர் 4.2 வரை ஏற்ற முயலும். சாதாரண லிப்போவை உயர் வோல்ட் தெரிவில் போடுவதும் இதே தவறுதான். லித்தியம் வகை எதுவாயினும் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ் சார்ஜ் செய்தால் ஆனோடின் மேல் உலோக லித்தியம் படியும். அந்தச் சேதம் திரும்பாது. ஈ.எஸ்.சி.யில் கீழ்வரம்பு வோல்ட்டை மட்டும் வகைக்கேற்ப மாற்றினால் பெரும்பாலும் போதும்.

இவற்றை விமானப் பயணத்தில் எடுத்துச் செல்ல முடியுமா?

100 வாட்-மணிக்கு உட்பட்ட லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் கொண்டு செல்லலாம்; 100 முதல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்; அதற்கு மேல் பயணிகளுக்கு அனுமதியில்லை. 4எஸ் 5,000 எம்.ஏ.எச். பேக் 74 வாட்-மணி என்பதால் சிக்கல் இல்லை. அதே கொள்ளளவில் 6எஸ் 111 வாட்-மணியாகிவிடுவதால் முன்கூட்டியே கேட்க வேண்டும். தனி பேட்டரிகள் எதையும் சரக்காக ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது. முனைகளை டேப்பால் மூட வேண்டும். அழுத்திய ஹைட்ரஜன் கலனைப் பயணியாக எடுத்துச் செல்ல வழியில்லை. போகும் இடத்தில்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.